குடும்பப்பெயருக்குப் பின்னால் ஒரு தலைக்கட்டு: பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் யூதக் குடும்பங்களைத் தேடும் முறை

லித்துவேனியாவில் நெவெஷிஸ் ஆற்றங்கரையில் கெதெய்னியெய் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த யூதர்கள் அதைக் கெய்தான் என்று அழைத்தார்கள். வில்னா காவோன் எனப் போற்றப்படும் பேரறிஞர் தம் இளமையில் பாடம் கேட்ட ஊர் அது. 1941 ஆகஸ்ட் 28 அன்று அங்கே 2,076 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த எண் கொன்ற நாஜிப் படையினரே எழுதிவைத்த அறிக்கையில் உள்ளது. இத்தகைய ஊர்களிலிருந்து முன்பே கப்பலேறி தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் முன்னோரைப் பற்றிக் கேட்பதற்கு ஊரில் ஒருவரும் மிஞ்சாத நிலையில், வரி வாங்குவதற்காக அரசாங்கம் எழுதிய பழைய ஏடுகளையே நம்பவேண்டியிருக்கிறது.

உடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்காக நான் இந்தத் தேடலில் இறங்கினேன். குடும்ப வரலாற்றில் ஆர்வம் கொண்டு, இந்த ஏடுகளை முதன்முறையாகத் திறக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ரஷ்யப் பேரரசின் வடமேற்குப் பகுதியை, அதாவது இன்றைய லித்துவேனியாவையும் பெலாரூசையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியா, ஹங்கேரி முதலிய பகுதிகளின் ஏடுகளுக்கு வேறு சட்டமும் வேறு அமைப்பும் உண்டு.

முதல் படி: ஊரை உறுதிசெய்தல்

குடும்பப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான பதிவுகள் வந்து குவியும். எனவே புலம்பெயர்ந்தவரின் ஊர் எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அமெரிக்காவுக்குச் சென்றவரானால், 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பத்தில் பிறந்த ஊர் இருக்கும். கப்பல் பயணிகள் பட்டியலும் உதவும். அந்தப் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது; ஆகவே, நியூயார்க்கில் குடியேறுவோரைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தாம் தாத்தாவின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று வீடுகளில் சொல்லப்படும் கதையை நம்பிப் புறப்படாதீர்கள். பெரும்பாலும் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் வந்து குடியேறியவர்களேதான்.

ஊர் கிடைத்ததும் அதன் பெயர்கள் அனைத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கெய்தான் என்பது அங்கிருந்த யூதர்களின் பேச்சுமொழியாகிய இத்திஷ், கெய்தானி என்பது ரஷ்யமும் போலந்தும், கெதெய்னியெய் என்பது லித்துவேனியம். பிரிஸ்க் என்று பாட்டி சொன்ன ஊர் வரைபடத்தில் பிரெஸ்ட் என்றிருக்கும். அந்த ஊர் எந்த மாகாணத்தில் இருந்தது என்பதையும் ஆண்டுவாரியாகப் பாருங்கள். கோவ்னோ மாகாணம் 1843இல்தான் வில்னா மாகாணத்திலிருந்து பிரிந்தது. ஆகவே கெய்தானின் 1834ஆம் ஆண்டு ஏட்டை வில்னாவின் கீழும், 1850ஆம் ஆண்டு ஏட்டைக் கோவ்னோவின் கீழும் தேடவேண்டும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் ஏடே இல்லை என்று முடிவுகட்டிவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இரண்டாம் படி: குடும்பப்பெயரின் வயதை அறிதல்

அஷ்கெனாசி யூதர்களில், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களில், மிகப் பெரும்பாலோருக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பரம்பரைக் குடும்பப்பெயர் கிடையாது. இன்னாருக்கு மகன் இன்னார் என்பதே பெயர். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் தம் ஆட்சிப்பகுதியின் யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டார். ரஷ்யப் பேரரசில் அந்தக் கட்டாயம் 1804ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது; 1835இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. நீங்கள் தேடும் பெயர் ஏறத்தாழ 1804க்கு முந்தைய ஏட்டில் பெரும்பாலும் இருக்காது. மேலும், ஒரே ஊரில் ஒரே பெயரை உறவே இல்லாத பல குடும்பங்கள் வைத்துக்கொண்டிருக்கலாம். குருமார் வழியினர் கப்லான், ககன், கட்ஸ் என்றும், ஆலயப் பணியாளர் வழியினரான லேவியர் லெவின், செகல் என்றும் வைத்துக்கொண்டார்கள். மின்ஸ்கர், ஸ்லுட்ஸ்கி போன்றவை ஊரால் வந்தவை. தையற்காரர் ஓரிடத்தில் ஷ்னெய்தர், இன்னோரிடத்தில் போர்த்னோய், வேறோரிடத்தில் கிராவெட்ஸ். ரிவ்கா என்ற பெண்ணின் பெயரிலிருந்து ரிவ்கின் என்ற குடும்பப்பெயர் பிறந்தது. கிழக்கு பெலாரூசில் இவ்வாறு தாய்வழியாகப் பிறந்த பெயர்கள் மிகுதி. இவற்றில் எதுவும் தனியாக நின்று உறவை நிரூபிக்காது. நான் முதலில் செய்த தேடலில், ஒரே ஊர், ஒரே குடும்பப்பெயர் என்ற இரண்டை மட்டும் நம்பி ஐந்து மாதங்கள் வேறொரு குடும்பத்தைப் பின்தொடர்ந்தேன். தந்தை பெயரை ஒத்துப்பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: எழுத்துக்கூட்டலுக்குத் தயாராகுதல்

ரஷ்ய எழுத்துகளில் ஹகர ஒலிக்குரிய எழுத்து இல்லாததால், ஹிர்ஷ் என்ற பெயர் கிர்ஷ் என்றும், ஹோரோவிட்ஸ் என்பது குர்விச் என்றும், கோஹென் என்பது கோகன் என்றும் பதிவாகியிருக்கும். இவற்றில் வருவது ‘கங்கை’யின் இரண்டாம் ககரத்துக்குரிய ஒலி. மகன் என்று எழுதி ஹகரம் கலந்து ஒலிக்கும் நமக்கு இந்த மாற்றம் எளிதில் பிடிபடும். ஆனால் அதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. தமிழில் குறிப்பெடுத்தால் கடின ஒலியும் மெலிந்த ஒலியும் ஒரே எழுத்தில் கலந்துவிடும். எனவே ஏட்டில் உள்ள ரஷ்ய எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு, தமிழ் வடிவத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். ரஷ்ய எழுத்துகளை அடையாளம் காண இரண்டு வாரப் பயிற்சி போதும். 1918க்கு முந்தைய எழுத்துமுறையில் கூடுதலாகச் சில எழுத்துகள் உண்டு என்பதையும், மெய்யொலியில் முடியும் சொற்களின் இறுதியில் ஒலியற்ற ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணையத்தில் ஜூயிஷ்ஜென், லித்வாக்சிக் ஆகிய அமைப்புகளின் தரவுத்தளங்களில், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த அட்டவணைகளைத் தேடலாம். அங்கே ‘டெய்ச்–மொகொட்டாஃப் சவுண்டெக்ஸ்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ராண்டி டெய்ச், கேரி மொகொட்டாஃப் இருவரும் 1985இல் உருவாக்கிய இந்த முறை, பெயரை ஒலியின் அடிப்படையில் ஆறு இலக்க எண்ணாக்குகிறது. கப்லான் என்பது 578600. ஹோரோவிட்ஸ் 597400, குர்விச்சுக்குக் கிடைக்கும் இரண்டு எண்களில் ஒன்றும் அதுவே. பெயரின் முதல் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் பழைய சவுண்டெக்ஸில் இவ்விரண்டும் ஒருபோதும் சேர்ந்து வாரா.

இயற்பெயர்களும் இரட்டையாக வரும். கல்லறையில் எபிரேயத்தில் யெஹுதா என்றிருப்பவர், ஏட்டில் இத்திஷில் லெய்ப் என்றிருப்பார். யூதாவைச் சிங்கத்துக்கு ஒப்பிட்ட வேதாகம வாக்கிலிருந்து வந்த இணை அது. இவ்வாறே நஃப்தாலிக்கு மானாகிய ஹிர்ஷ், பெஞ்சமினுக்கு ஓநாயாகிய வோல்ஃப்.

நான்காம் படி: ரெவிஷன் பட்டியலை வாசித்தல்

ரஷ்யப் பேரரசு தலைவரிக்காக 1719 முதல் 1858 வரை பத்து முறை கணக்கெடுத்தது. இவை ரெவிஷன் பட்டியல்கள் எனப்படும். நமக்கு மிகவும் பயன்படுபவை 1816, 1834, 1850, 1858 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்கள். 1811ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரி போடும்போது நாம் தலைக்கட்டு என்று எண்ணுகிறோமே, அந்தத் தலைக்கட்டுத்தான் இந்த ஏட்டின் அலகு.

ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம். பெயர்களும் எண்களும் பயிற்சிக்காக நான் அமைத்தவை. ஏட்டின் அமைப்பு உள்ளபடியே இருக்கிறது. 1850ஆம் ஆண்டுப் பட்டியலை விரித்தால் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில் முந்தைய கணக்கெடுப்பில் அந்தத் தலைக்கட்டுக்கு இருந்த எண். அடுத்ததில் இப்போதைய எண். பிறகு பெயர், முந்தைய கணக்கெடுப்பின்போது வயது, இடையில் நீங்கியிருந்தால் எப்போது, இப்போதைய வயது. நம் மாதிரியில் இப்படி இருக்கிறது: லெய்ப், அப்ராமின் மகன், கப்லான், அப்போது 41, 1846இல் இறந்தார். அவர் மகன் அப்ராம். அப்போது 11, இப்போது 27. இரண்டாம் மகன் கிர்ஷ், அப்போது 7, 1845இல் படைக்கு எடுக்கப்பட்டார். மூத்த மகன் அப்ராமின் மகன் லெய்ப்; இப்போது 3. வலப்பக்கத்தில் முதியவர் லெய்ப்பின் மனைவி கானா, 55; அப்ராமின் மனைவி சோரா, 25; மகள் ரிவ்கா, 5.

இந்த ஏழு வரிகளில் நான்கு தலைமுறைகள் உள்ளன. இறந்தவரும் பட்டியலில் இருப்பது பலரைக் குழப்பும். முந்தைய கணக்கில் இருந்த ஒவ்வோர் ஆணுக்கும் இந்தக் கணக்கில் பதில் சொல்லியாகவேண்டும் என்பதே காரணம். அடுத்து, பெயர்களைப் பாருங்கள். பேரன் என்ற நம் சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளுடையது. அஷ்கெனாசி யூதர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. 1846இல் பாட்டனார் லெய்ப் இறந்தார். ஏறத்தாழ 1847இல் பேரன் லெய்ப் பிறந்தான். அதே தர்க்கப்படி, 1823 அளவில் பிறந்த பிள்ளைக்கு அப்ராம் என்று பெயரிட்டிருப்பதால், முதியவர் லெய்ப்பின் தந்தையான அப்ராம் அதற்கு முன்பே மறைந்திருக்க வேண்டும்.

கிர்ஷின் வரியைக் கடந்துபோகுமுன் சற்று நில்லுங்கள். 1827இல் முதலாம் நிக்கோலஸ் மன்னர் யூதர்களையும் கட்டாயப் படைச்சேவைக்கு உட்படுத்தினார். சேவைக் காலம் 25 ஆண்டுகள். பன்னிரண்டு வயதுச் சிறுவர்களையும் எடுத்து, பதினெட்டு வயதுவரை படைப்பள்ளிகளில் வைத்தார்கள். இத்தனை பேர் என்ற கணக்கை ஊர்ச் சமூகமே நிரப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. மகன்களை மறைத்ததற்கும், வயதை மாற்றிச் சொன்னதற்கும், கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கென்று துணைப்பட்டியல்கள் எழுந்ததற்கும் பின்னால் அந்த அச்சம் இருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று வயது வேறுபாட்டைப் பிழையென்று தள்ளாதீர்கள். துணைப்பட்டியலையும் தவறாமல் பாருங்கள்.

ஐந்தாம் படி: பதிவான ஊரும் வாழ்ந்த ஊரும்

ரெவிஷன் பட்டியல் ஒருவர் எந்த ஊரில் வரிக்குப் பதிவாகியிருந்தார் என்பதைக் காட்டும். அவர் அங்கே குடியிருந்தார் என்று பொருளில்லை. குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே வேறூருக்குப் போயிருந்தாலும் பதிவு பழைய ஊரிலேயே தொடர்ந்திருக்கலாம். 1858க்குப் பிறகு, 1874ஆம் ஆண்டுப் படைச்சட்டத்தை ஒட்டி எழுந்த குடும்பப் பட்டியல்களைத் தேடுங்கள். 1897இல் பேரரசு முழுவதும் நடந்த கணக்கெடுப்பு, பிறந்த ஊர், பதிவான ஊர், தாய்மொழி, தொழில் எல்லாவற்றையும் கேட்டது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அதில் எண்ணப்பட்டார்கள். ஆனால் வீடுதோறும் நிரப்பிய தாள்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. உங்கள் ஊருக்கு அது எஞ்சியிருந்தால் பெரும்பேறு.

ஆறாம் படி: குடும்பப்பெயர் மறையும் இடத்தைக் கடத்தல்

இனிப் பின்னோக்கிச் செல்லலாம். 1850ஆம் ஆண்டு ஏட்டின் முதல் கட்டத்தில் உள்ள பழைய தலைக்கட்டு எண்ணைக் கொண்டு 1834ஆம் ஆண்டு ஏட்டைத் திறந்தால், 41 வயது லெய்ப் இருப்பார். அவருக்கு மேல்வரியில் அவர் தந்தை அப்ராம், மெண்டெலின் மகன், முந்தைய கணக்கில் 50, 1820இல் இறந்தார் என்றிருக்கும். பேரன்களின் பெயரை வைத்து நாம் ஊகித்தது இங்கே உறுதியாகிறது. 1816ஆம் ஆண்டு ஏட்டில் அப்ராமுக்கு 50, லெய்ப்புக்கு 23. அதற்குமேல் கப்லான் என்ற பெயர் நம்மைக் கைவிட்டுவிடும்.

அங்கே உதவ வருவது போலந்து–லித்துவேனிய அரசின் கணக்கெடுப்பு. 1764இல் அந்நாட்டு நாடாளுமன்றம், ஒரு வயதைக் கடந்த ஒவ்வொரு யூதருக்கும் ஆண்டுக்கு 2 ஸ்லாட்டி தலைவரி விதித்து, ஊர் ஊராக எண்ணச் சொன்னது. 1784இலும் இன்னொரு முறை எண்ணினார்கள். போலந்து மொழியில் எழுதப்பட்ட அந்த ஏடுகளில் குடும்பப்பெயர் இராது. வீட்டுத்தலைவர், அவர் தந்தை, மனைவி, பிள்ளைகள், மருமகன் என்ற உறவுகளே இருக்கும். 1766 அளவில் பிறந்த அப்ராம், 1784இல் பதினெட்டு வயது இளைஞர். ஆகவே இப்போது நாம் தேடவேண்டியது, மெண்டெல் என்பவரின் வீட்டில் அப்ராம் என்ற மகன். அவருக்கு அண்ணன் தம்பிகள் இருந்திருந்தால், 1816ஆம் ஆண்டு ஏட்டில் அதே ஊரில் மெண்டெலின் மகன்கள் என்று வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பெயர்களும் இந்த வீட்டில் சேர்ந்தே வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். அவர்களில் ஒருவர் கப்லான் அல்லாத வேறு பெயரை ஏற்றிருக்கவும் கூடும். அவரும் உங்கள் குடும்பம்தான்.

ஊரில் மெண்டெல் ஒருவரே இருந்து, பிள்ளைகளின் பெயர்களும் பொருந்தினால், குடும்பமரத்தில் அந்த வீட்டை முழுக்கோட்டால் இணைக்கலாம். இரண்டு மெண்டெல்கள் இருந்து, இருவர் வீட்டிலும் அப்ராம் இருந்தால், இருவரையும் புள்ளிக்கோட்டால் இணைத்து, ஏட்டின் எண்ணையும் பக்கத்தையும் வரியையும் அருகில் எழுதிவிட்டு, இன்னோர் ஆவணம் கிடைக்கும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.