ஏற்காடு போய்வந்த காரின் மெல்லிய கீறல்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும்போது ஓரத்துப் புதர் காரின் பக்கவாட்டில் கோடு இழுத்துவிடும். முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்தபின் கார் ஷாம்பூ கலந்த நீரால் கழுவுங்கள். மண் துகள் மிஞ்சினால் தேய்க்கும் கையே புதிய கீறலைப் போடும். பிறகு கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள்: நகம் சிக்கினால் பெயின்டரிடம் விடுவது நல்லது. சிக்காவிட்டால், மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, ஓர் அடிச் சதுரத்துக்குள் மென்மையாகத் தேய்த்துத் துடையுங்கள். மேற்பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் தலைமுடிப் பருமன்கூட இராது என்பதால், லேசான தடம் மிஞ்சினாலும் நிறுத்திக்கொள்வதே என் கட்சி. பற்பசையைப் பரிந்துரைப்போர் உண்டு. நான் அதைப் பல்லுக்கே வைத்துக்கொள்கிறேன். இறுதியில் மெழுகு பூசுங்கள். மர நிழலில் விழும் பறவை எச்சத்தை அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள்.