ட்ரஸ் ராடைத் திருகும் இடம் உங்கள் கிட்டாரில் எங்கே இருக்கிறது?

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிச் சில மாதம் ஆனதும் நிறைய பேருக்கு ஒரு குறை வரும். கம்பி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில்) உரசி இரையும், இல்லையென்றால் நெக்கின் நடுவில் அழுத்தும்போது விரல் வலிக்கும். யாரைக் கேட்டாலும் ட்ரஸ் ராடைத் திருகிப் பார் என்பார்கள். சரி, எங்கே திருகுவது? நண்பருடைய கிட்டாரில் ஹெட்ஸ்டாக்கில், அதாவது நெக்கின் தலைப்பகுதியில், ஒரு துளை தெரிகிறது, நம்முடையதில் அப்படி எதுவுமே இல்லை. இடம் தெரிந்தால் எந்தக் கருவி வேண்டும், கம்பியைத் தளர்த்த வேண்டுமா, எதில் கவனம் வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

09 செட் (முதல் கம்பி 0.009 இன்ச் தடிமன் உள்ளது) கம்பிகளைச் சுருதி சேர்த்தால், ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையோடு நெக்கை முன்பக்கமாக வளைக்கப் பார்க்கும். அதைத் தடுக்க நெக்கின் உள்ளே நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். அதன் ஒரு முனையில் இருக்கும் மரையைத்தான் நாம் திருகுகிறோம். கிட்டாரில் நட் என்றால் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு என்பதால், குழப்பம் வராமல் இதை மரை என்றே சொல்கிறேன்.

படி 1: ஹெட்ஸ்டாக்கைப் பாருங்கள்

நட்டுக்குப் பின்னால், முன்பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்தால் மரை அதற்கு அடியில்தான். இது கிப்சன் நிறுவனத்தின் வழி. அங்கே வேலை பார்த்த தாடியஸ் மக்ஹ்யூ, திருகி மாற்றக்கூடிய ராடுக்கு 1923இல் காப்புரிமை வாங்கினார். கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் மணி வடிவ மூடி, இரண்டு ஸ்க்ரூ. ஐபனெஸ், பிஆர்எஸ் கிட்டார்களிலும் மூடிக்கு அடியில்தான் இருக்கும். ரிக்கன்பேக்கரில் மூடியைக் கழற்றினால் இரண்டு மரைகள் தெரியும். உள்ளே இரண்டு ராடுகள், பயப்பட வேண்டாம்.

மூடி இல்லாமல் வட்டத் துளை மட்டும் தெரிந்தால் ஆலன் கீ (அறுகோணக் கம்பிச் சாவி) உள்ளே போகும் வகை. இன்றைய ஃபெண்டர்கள் பலவும், ஸ்குவையர்களும் இப்படித்தான். துப்பாக்கிக் குண்டு போல ஓர் உலோக முனை நீட்டிக்கொண்டிருந்தால், அது 1971இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு வந்த புல்லட் வகை. அதையும் ஆலன் கீயால்தான் திருக வேண்டும்.

துளை இல்லாமல், கருப்பான வட்ட மரத்துண்டு மட்டும் பதித்திருக்கிறதா? பழைய பாணி ஃபெண்டர் மேப்பிள் நெக்குகளில் அப்படி இருக்கும். ராடை உள்ளே பொருத்தியபின் அடைத்த துண்டு அது. அதை நோண்டாதீர்கள். மரை மறுகோடியில் இருக்கிறது.

படி 2: பாடி பக்கம் பாருங்கள்

கடைசி ஃப்ரெட் முடியும் இடத்துக்கும் பிக்அப்புக்கும் நடுவே சுற்றிலும் துளைகள் உள்ள சிறு சக்கரம் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இப்போதைய மியூசிக் மேன் கிட்டார்களில் இருப்பது இதுதான். மெல்லிய ஆணி போன்ற கம்பியைத் துளையில் விட்டுத் தள்ளினால் போதும், எதையும் கழற்ற வேண்டாம்.

சக்கரமும் இல்லையென்றால், நெக்கின் கோடியில் கூட்டல் குறி போல வெட்டிய மரை பாதி மறைந்திருக்கும். ஐம்பது, அறுபதுகளின் பாணியில் வரும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் எல்லாம் இந்த வகை.

ஏன் இத்தனை இடம்? ஹெட்ஸ்டாக்கில் வைத்தால் கை எட்டும், ஆனால் நெக் மிகவும் மெலிந்த இடத்திலேயே மரத்தைக் குடைய வேண்டும். கிப்சனில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்தும் இருப்பதால், கீழே விழுந்தால் சரியாக அங்கேயே உடையும். பாடி பக்கம் வைத்தால் அந்த இடம் முழுப்பலத்தோடு இருக்கும், ஆனால் சக்கரம் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்ற வேண்டும். என்னைக் கேட்டால் சக்கர வகைதான் சிறந்தது.

படி 3: அளந்து பாருங்கள்

சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போடுங்கள். நெக் பாடியோடு சேரும் ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள். இப்போது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறக்குறைய 0.25 மி.மீ. இருந்தால் பெரும்பாலான கிட்டார்களுக்குச் சரி. பைக் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகள், அதாவது ஃபீலர் கேஜே போதும். அதுவும் இல்லையென்றால் 10 செட்டின் முதல் கம்பித் துண்டு ஒன்றை இடையில் நுழைத்துப் பாருங்கள். அதன் தடிமன் 0.010 இன்ச், அதாவது அதே 0.25 மி.மீ.

படி 4: சரியான கருவி

இதில்தான் நான் அடிபட்டேன். மரையின் துளை 1/8 இன்ச், என் கையில் இருந்தது 3 மி.மீ. ஆலன் கீ. உள்ளே போனது, கொஞ்சம் ஆடியது, பரவாயில்லை என்று திருகினேன். 1/8 இன்ச் என்பது 3.175 மி.மீ. அந்தச் சின்ன வித்தியாசத்தில் அறுகோணத்தின் முனைகள் மழுங்கி, துளை வட்டமாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஆன செலவில் நல்ல ஆலன் கீ செட் நாலைந்து வாங்கியிருக்கலாம். இன்ச் கணக்கில் செய்த அமெரிக்க கிட்டாருக்கு இன்ச் கீதான். கீ அந்தத் துளையின் அடிவரை போய், ஆடாமல் நிற்க வேண்டும்.

கிப்சனுக்கு 5/16 இன்ச் குழாய் ஸ்பேனர். ஐபனெஸ் பலவற்றுக்கு 7 மி.மீ. பள்ளம் குறுகல் என்பதால் மெல்லிய சுவர் உள்ள ஸ்பேனராகப் பாருங்கள்.

படி 5: திருகுங்கள்

மரையை நேருக்கு நேர் பார்த்தபடி வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும், நெக் நிமிரும், இடைவெளி குறையும். இடஞ்சுழியாகத் திருகினால் தளரும், இடைவெளி கூடும். மரை எந்தக் கோடியில் இருந்தாலும் இதுதான் விதி. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சுருதி சேர்த்து, அளந்து, அப்புறம் அடுத்த கால் சுற்று. இறுக்கும்போது திருகக் கடினமாக இருந்தால் கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ராட் அறுந்தால் ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃபிங்கர்போர்டையே பிரிக்க நேரிடும்.

படி 6: நெக்கைக் கழற்ற வேண்டிய கிட்டார்

கம்பிகளை நன்றாகத் தளர்த்தி, அவை கலையாமல் இருக்க முதல் ஃப்ரெட்டில் காப்போ போடுங்கள். கிட்டாரைக் கவிழ்த்து, பின்பக்கத் தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி, நெக்கை அலுங்காமல் தூக்குங்கள். இடையில் காகிதத் துண்டு ஏதாவது இருந்தால் அது நெக்கின் சாய்வுக்காக வைத்தது, அப்படியே இருக்கட்டும். மரையின் வெட்டை நிறைக்கும் அகலமான தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகுங்கள். இங்கே நடுவில் அளக்க முடியாது என்பதால் நான் எட்டில் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முதலில் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். லேசாக 'டக்' என்று கீழே இறங்கும். பழைய மரைவழியில் அது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வலஞ்சுழியாக முடுக்குங்கள். அப்படிச் செய்யாமல் முடுக்கினால் ஸ்க்ரூ மரத்தில் புதுவழி வெட்டும், நாலைந்து தடவையில் துளை தொளதொளவென்று ஆகிவிடும்.

சுருதி சேர்த்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மரம் மெல்லத்தான் நகரும், காலையில் மறுபடி அளந்தால் எண் கொஞ்சம் மாறியிருக்கலாம்.