கல்லூரிச் சேர்க்கை: கையில் இருக்கும் சலுகையைக் கோட்டைவிடும் தவறுகள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அரசு தருவது கொஞ்சநஞ்சமில்லை. முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் இருக்கிறது. மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், அதே தொகையை மாணவர்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இத்தனை இருந்தும் கடன் வாங்கி முழுக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. தகுதி இருந்தும் தவறான வழியில் சேர்ந்துவிடுவதுதான் நான் பார்த்தவரை முக்கியக் காரணம்.

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே கல்லூரி ஆட்களும் புரோக்கர்களும் ஊருக்குள் வந்துவிடுவார்கள். "இப்பவே அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி, ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்பார்கள். அப்படிக் கிடைப்பது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீதமும் அரசுக் கலந்தாய்வு மூலம் சேர்பவர்களுக்குத்தான். அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு, பக்கத்து பெஞ்ச். ஆனால் 7.5 சதவீதத்தில் வந்தவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும், இன்னொருவருடைய அப்பா வட்டி கட்டுவார். அட்வான்ஸோடு அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கொடுத்ததைத் திரும்ப வாங்க அலைவது யார்? எனவே கலந்தாய்வு முடியும் வரை யாரிடமும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, எல்லாத் திட்டத்துக்கும் ஒரே தகுதி என்று நினைப்பது. 7.5 சதவீதத்துக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாதம் 1,000 ரூபாய் விஷயத்தில் கதை வேறு: உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பெறலாம், வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. முதல் பட்டதாரி சலுகைக்கோ பள்ளியும் கணக்கில்லை, வருமான வரம்பும் இல்லை. "எங்களுக்கு வருமானம் கூட, கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் உண்டு. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று வீட்டில் யாராவது ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது.

சரி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்? மார்க் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இ-சேவையில் பதிந்த மனு விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று மேலே போக வேண்டும். ரிசல்ட் வந்த வாரம் ஊரே அங்கே நிற்கும். தேர்வு முடிந்ததுமே போட்டுவிடுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் நாலைந்து கல்லூரிகளை மட்டும் குறித்துவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று வருந்துவது இன்னொரு தவறு. விருப்பப்பட்டியல் நீளமாக இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை; வரிசை மட்டும் உங்கள் உண்மையான விருப்பப்படி இருக்கட்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. 1,000 ரூபாய்க்கான விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகிறது, அதற்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார். பணம் நேராக வங்கிக்கு வருவதால், பள்ளியில் படித்தபோது தொடங்கி அப்படியே கிடக்கும் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் நோட்டீஸ் போர்டைப் பார்க்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.