சைவ உணவிலேயே கொழுப்பைக் குறைத்துத் தசை கூட்ட

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தினமும் வேண்டும். 70 கிலோ என்றால் 112 கிராம். பலர் சறுக்குவது இங்கேதான். வேகவைத்த பருப்பு 100 கிராமில் புரதம் சுமார் 9 கிராம்தான், மாவுச்சத்தோ அதைப்போல் இருமடங்கு. பருப்பை மட்டும் நம்பினால் கலோரி எகிறிவிடும். உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம், கொழுப்பும் மிகக் குறைவு. இதோடு டோஃபு (சோயா பனீர்), கெட்டித் தயிர், பால் சேர்த்து நான்கு வேளைக்குப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

கலோரியை நாளுக்கு 300 முதல் 500 வரை குறைத்தால் போதும். வாரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் தசையும் கரையக்கூடும். அப்படி இறங்கினால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஒவ்வொரு தசைக்கும் வாரம் இருமுறை எடைப்பயிற்சி. கிரியேட்டின் (தசைக்கு ஆற்றல் தர உதவும் துணை உணவுப் பொடி) தினமும் 3 கிராம் நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.