சர்வீஸுக்கு எங்கே நிற்பது: என் அனுபவம்

காரைக்குடியில் நாங்கள் டேபிள் டென்னிஸ் ஆடும் ஹாலில், நடுவில் நின்று சர்வீஸ் போட்டால் திரும்பி வரும் பந்து எப்போதும் என் பேக்ஹேண்டுக்கே, அதாவது இடப்பக்கத்துக்கே வரும், அடிக்க வழியே இருக்காது. ஒற்றையரில் பந்து மேஜையின் கடைக்கோட்டுக்குப் பின்னால், மேஜை மட்டத்துக்கு மேலே இருந்தால் போதும், பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வலது கைக்காரனான நான் இடது மூலைக்குப் போனேன், இடது கால் முன்னால், உடம்பு பக்கவாட்டில். மேஜையின் அகலம் 152.5 செ.மீ.தான், அதில் பெரும்பகுதிக்கு ஃபோர்ஹேண்ட் (வலப்பக்க அடி) எட்டுகிறது. முக்கியமானது அப்புறம்தான்: பந்து மட்டையை விட்டதுமே வலது காலை இழுத்து நேராகத் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் வலப்பக்கம் மொத்தமும் காலி. எதிராளியின் ஃபோர்ஹேண்ட் ஓரத்துக்குப் போட்டால் அவருக்குக் குறுக்குக் கோணம் கிடைத்துவிடும், அதனால் இப்போதெல்லாம் பெரும்பாலும் நடுவில், வலைக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி குட்டையாகத்தான் போடுகிறேன்.