டைபீரியஸின் வெள்ளிக்காசை வாசிக்கும் முறை

உரோமானிய வெள்ளிக்காசான தெனாரியஸை முதலில் பார்க்கும் பலர் பேரரசரின் தலையைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். காசு சொல்ல வரும் செய்தி அதைச் சுற்றியுள்ள எழுத்துகளிலும் மறுபக்க உருவத்தின் கைகளிலும் இருக்கிறது. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் தெனாரியஸைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டுப் புதையல்களில், அவருக்கு முன் ஆண்ட முதல் உரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் காசுகளோடு மிகுதியாகக் கிடைத்திருப்பது இதுவே. இதன் வடிவமும் நெடுங்காலம் பெரிதாக மாறவில்லை என்பதால், தொடங்குவோருக்கு ஏற்றது.

படி 1: காசை விளிம்பில் பிடித்து எடையையும் அளவையும் பாருங்கள். ஏறத்தாழ 3.7 கிராமும் 18 மில்லிமீட்டரும் இருக்கும். எடை மிகவும் குறைந்து, தேய்ந்த இடத்தில் செம்பு தெரிந்தால், அது வெள்ளி முலாம் பூசிய பழங்காலப் போலியாக இருக்கலாம். திருநீறு, புளி என எதைக் கொண்டும் துலக்காதீர்கள். நுண்ணிய கோடுகள் அழிந்துவிட்டால் மீட்க வழியில்லை.

படி 2: விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, உருப்பெருக்கியால் முன்பக்கத்தைப் பாருங்கள். இலைமாலை சூடிய தலை வலப்புறம் நோக்கியிருக்கும். அதற்கு மேலே சற்று வலப்புறத்தில் தொடங்கும் இலத்தீன் எழுத்துகளை வலஞ்சுழியாக வாசிக்க வேண்டும்; சொற்களுக்கிடையே இடைவெளியை எதிர்பார்க்க வேண்டாம். ‘டி சீசர் டிவி ஆக் எஃப் ஆகஸ்டஸ்’ என்ற அந்தச் சுருக்கத்தை விரித்தால், ‘தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்’ என்று பொருள்படும். இதில் ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து மகனைக் குறிக்கிறது. அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர்வழிப் பிறந்த டைபீரியஸ், கி.பி. 4இல்தான் தத்தெடுக்கப்பட்டார், அரியணைக்கு அவருக்கிருந்த உரிமை அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருப்பதால், அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

படி 3: பின்பக்கத்தில் ‘பொன்டிஃப் மாக்சிம்’, அதாவது தலைமைப் பூசாரி என்ற பட்டம் இருக்கும். நடுவே அமர்ந்திருக்கும் பெண்ணுக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை. கோயில் சிற்பத்தைக் கையிலுள்ள ஆயுதத்தைக் கொண்டு அறிவதுபோலவே இங்கும் அறிய வேண்டும். உரோமானியக் காசுகளில் சுக்கான் ஏந்தியவள் நற்பேற்றுத் தேவி, தராசு ஏந்தியவள் நேர்மைத் தேவி. இவள் ஒரு கையில் நீண்ட கோலும் மறுகையில் மரக்கிளையும் வைத்திருப்பதால் அமைதித் தேவி என்பர். லிவியாவே அவ்வுருவில் காட்டப்பட்டாள் என்று கருதுவோரும் உண்டு. நாற்காலியின் கால்கள் வெறுமையாக உள்ளனவா, கடைசல் வேலைப்பாடு கொண்டவையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காசு வெளியீடுகளை வரிசைப்படுத்த ஆய்வாளர்கள் அதையும் பயன்படுத்துகிறார்கள்.

படி 4: எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்திருந்தால், அது உரோமானியக் காசைப் பார்த்து இந்தியாவில் செய்யப்பட்ட போன்மைக் காசாக இருக்கலாம். அதுவும் ஆய்வுக்குரியதே, ஒதுக்க வேண்டாம்.

அடுத்து அகஸ்டஸின் காசுக்குச் செல்லுங்கள். அதன் பின்பக்கத்தில் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கும் இருவர், அவர் வாரிசுகளாகத் தத்தெடுத்த பேரர்கள் காயஸ், லூசியஸ். லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்த பிறகே டைபீரியஸ் அந்த ‘எஃப்’ எழுத்துக்கு உரியவரானார்.