பினாங்குக் காற்பந்துக் குழுவுக்கு ஆதரவாளர் கொடி தைப்பது எப்படி?

முதன்முதலாகக் கொடி தைக்க முன்வருபவர்களுக்காக, பினாங்குக் குழுவின் நீலம், மஞ்சள் நிறங்களையும் அதன் பட்டப்பெயரான கருஞ்சிறுத்தையையும் கொண்டு இவ்விளக்கத்தை எழுதுகிறேன். 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழுவுக்கு, நம் கையால் தைத்த கொடியைப் பிடிப்பதே பெருமை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: வடிவமைப்பு

துணி வாங்குவதற்கு முன் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆடுகளத்தின் அகலமே ஏறத்தாழ 68 மீட்டர் என்பதால், எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் கொடி அடையாளம் தெரிய வேண்டும். மூன்று மீட்டர் தொலைவுக்கு 2.5 செ.மீ. உயரம் என்ற விளம்பரப் பலகைக் கணக்கின்படி, அவர் எளிதாகப் படிக்க ஓர் எழுத்து 57 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நம் கொடியின் மொத்த உயரமே 120 செ.மீ. ஆகையால், எழுத்துகளைத் தவிர்த்து, எளிய ஓர் உருவத்தை மட்டும் வையுங்கள். இத்தாலியின் யுவென்டஸ் குழுகூட 2017-ஆம் ஆண்டு, காளை உருவம் இருந்த பழைய சின்னத்தைக் கைவிட்டு, ஒற்றை எழுத்தை நினைவூட்டும் எளிய வடிவத்துக்கு மாறியது.

நிறங்களை அடுக்குவதற்கு ஐரோப்பியச் சின்னக் கலையில் ஒரு பழைய விதி உண்டு: மஞ்சள், வெள்ளை ஆகிய வெளிர் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது, நீலம், சிவப்பு, கறுப்பு முதலிய அடர் நிறங்களையும் அவ்வாறே வைக்கக் கூடாது. கருஞ்சிறுத்தையை நேரடியாக நீலத்தின் மீது வைத்தால் தொலைவில் அது கரைந்துபோகும். எனவே நீலத் துணியின் நடுவில் மஞ்சள் வட்டம், அதன்மேல் கறுப்புத் தலை என்று அமைப்போம். (மேலே நீலம், கீழே மஞ்சள் எனப் பட்டைகளாகப் பிரித்தால் அது உக்ரைன் நாட்டின் கொடியாகிவிடும்.) குழுவின் அதிகாரப்பூர்வச் சின்னத்தை நகலெடுக்க வேண்டாம், அது குழுவுக்கே உரியது.

இரண்டாம் படி: துணி

பினாங்கின் லிட்டில் இந்தியா வட்டாரத் துணிக்கடைகளில் மெல்லிய பாலியெஸ்டர் துணியாகக் கேளுங்கள். பருத்தித் துணி மழையில் நனைந்தால் கனத்துவிடும். 150 செ.மீ. அகலத் துணியில் நீலம் இரண்டு மீட்டரும் மஞ்சளும் கறுப்பும் தலா ஒரு மீட்டரும் போதும்.

மூன்றாம் படி: வெட்டுதல்

கொடியின் அளவு 180 × 120 செ.மீ. கம்பு நுழையும் பக்கத்தில் 10 செ.மீ., காற்றில் அடிபடும் பக்கத்தில் 4 செ.மீ., மேலும் கீழும் தலா 2 செ.மீ. மடிப்புக்காகச் சேர்த்து, நீலத் துணியை 194 × 124 செ.மீ. ஆக வெட்டுங்கள். வட்டத்தின் விட்டம் 90 செ.மீ. தலைக்கு, 65 செ.மீ. அகலத் தாளை இரண்டாக மடித்துப் பாதி முகத்தை மட்டும் வரைந்து வெட்டினால், விரிக்கும்போது இரு காதுகளும் சமமாக அமையும். நேர்முகமாகப் பார்க்கும் தலை என்பதால் கொடியின் பின்புறத்திலும் அதே தோற்றம் கிடைக்கும். வரையப் பழகாதவர்களுக்கும் இதுவே எளிது.

நான்காம் படி: தைத்தல்

இதுதான் கொடியின் உயிர், அவசரப்படாதீர்கள். முதலில் கறுப்புத் தலையை மஞ்சள் வட்டத்தில் குண்டூசியால் பொருத்தி, ஓரம் முழுவதும் நெருக்கமான ஸிக்ஸாக் தையல் போடுங்கள். கண்களின் ஓரத்தையும் அவ்வாறே தைத்து, உள்ளிருக்கும் கறுப்புத் துணியை மட்டும் வெட்டியெடுத்தால் மஞ்சள் கண்கள் தெரியும். பிறகு வட்டத்தை நீலத் துணியில் தைத்து, கொடியைத் திருப்பிப்போட்டு, வட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நீலத்தையும், கண்களை விட்டுவிட்டுத் தலைக்குப் பின்னால் இருக்கும் மஞ்சளையும், தையலிலிருந்து அரை செ.மீ. தள்ளிக் கத்தரித்து நீக்குங்கள். அப்போதுதான் வெளிச்சம் ஊடுருவும்போது நிறங்கள் கலங்காமல் இருபுறமும் தூய்மையாகத் தெரியும்.

ஐந்தாம் படி: ஓரமும் கம்பும்

மேல், கீழ் ஓரங்களை ஒரு செ.மீ. வீதம் இருமுறை மடித்துத் தையுங்கள். காற்றில் அடிபடும் ஓரமே முதலில் கிழியும் என்பதால், அதை 2 செ.மீ. வீதம் இருமுறை மடித்து மூன்று வரிசைத் தையல் போடுங்கள். கம்புப் பக்கத்தின் 10 செ.மீ. துணியை உறைபோல் மடித்துத் தைத்து, மேல்முனையை மூடிவிட்டால், இலேசான பிவிசி குழாய் நழுவாமல் நிற்கும். அரங்கத்துக்குள் எவ்வளவு நீளக் குழாயை அனுமதிப்பார்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே கேட்டறிந்து, அதற்கேற்பக் குழாயை அறுத்துக்கொள்ளுங்கள்.